வலிக்கு மார்க் போடுவது எப்படி?



காய்ச்சலை அளக்க தெர்மாமீட்டர் இருக்கு. வலியை அளக்க? ஒன்றும் கிடையாது! நோயாளியைத்தான் கேட்க வேண்டும். "வலியே இல்லைன்னா 0, தாங்கவே முடியலைன்னா 10. உங்களுக்கு எத்தனை?" என்று கேட்டு எழுதிக்கொள்வார்கள். இந்தப் பரீட்சையில் முட்டை வாங்கினால்தான் சந்தோஷம். ஆனால் எங்க அத்தை ஆபரேஷன் முடிஞ்சு கட்டில் கம்பியைப் பிடிச்சுக்கிட்டே, நர்ஸ் கேட்டதுக்கு "பரவாயில்லைம்மா"ன்னுதான் சொன்னாங்க. அவங்களுக்கு எத்தனை மார்க் போடுறது?

ஆபரேஷனுக்குப் பின் வரும் கடும் வலிக்கு மார்ஃபின் ஊசி உண்டு. குருமாவில் போடுற கசகசா இருக்கே, அந்தச் செடியின் பச்சைக் காயைக் கீறினால் வடியும் பால்தான் அபின். அதிலிருந்து எடுப்பதே மார்ஃபின். (குருமா சாப்பிடப் பயப்பட வேண்டாம்!) வலி குறையும். ஆனால் வாந்தி வரும், அளவு மிஞ்சினால் மூச்சே நின்றுவிடும், அடிமையாகவும் ஆகலாம்.

அதனால் அமெரிக்காவில் ஆலிசெரிடின் என்ற புது மருந்தைச் செய்தார்கள். வலியை மட்டும் குறைக்கும், மூச்சைத் தொந்தரவு செய்யாது என்பது அவர்கள் நம்பிக்கை. கால் பெருவிரல் பக்கம் துருத்திய எலும்பைச் சரிசெய்யும் ஆபரேஷன் செய்தவர்களிடம் சோதித்தார்கள். ஏன் அது? அந்த வலி எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி இரண்டு மூன்று நாள் இருக்கும். அப்பத்தான் ஒப்பிட முடியும். வயிற்றுத் தோலைக் குறைக்கும் ஆபரேஷன் செய்தவர்களிடமும் சோதித்தார்கள்.

சீட்டுக் குலுக்கிப் போடுவது போல ஆட்களைப் பிரித்தார்கள். சிலருக்குப் புது மருந்து, சிலருக்கு மார்ஃபின், சிலருக்கு மருந்தே இல்லாத டம்மி. யாருக்கு எதுன்னு நோயாளிக்கும் தெரியாது, கவனிக்கும் டாக்டருக்கும் தெரியாது.

வலியில் துடிக்கிறவங்களுக்கு டம்மியா! படிச்சப்ப எனக்குக் கோபமா வந்துச்சு. ஆனால் மருந்து போட்டாச்சு என்ற நம்பிக்கையிலேயே சிலருக்கு வலி குறையுமாம். அதைக் கழிக்காவிட்டால் மருந்தின் வேலை எவ்வளவு என்று தெரியாது. தாங்க முடியாவிட்டால் கொடுக்க வேறு மாத்திரையும் வைத்திருந்தார்கள். முன்கூட்டியே எல்லாம் சொல்லி, கையெழுத்து வாங்கித்தான் சேர்ப்பார்கள். இப்ப கோபம் பாதி குறைஞ்சிருக்கு. பாதி இருக்கு.

டம்மியைவிடப் புது மருந்து நன்றாகவே வேலை செய்தது. மார்ஃபினோடு ஒப்பிட்டால்தான் சிக்கல். குறைந்த அளவில் மூச்சுத் தொந்தரவு குறைவு, ஆனால் வலியும் அந்த அளவு குறையவில்லை. 2018-இல் அமெரிக்க அரசின் நிபுணர் குழு ஓட்டுப் போட்டது. வேண்டாம் என்று 8 பேர், வேண்டும் என்று 7 பேர்! 2020-இல் அனுமதி கிடைத்தது, மார்ஃபினுக்கு உள்ள அதே எச்சரிக்கைகளுடன்.

2025 ஜனவரியில் அபின் வகையே அல்லாத சுசெட்ரிஜின் என்ற மாத்திரைக்கு அங்கே அனுமதி கொடுத்தார்கள். அதையும் இதே கால் விரல், வயிறு ஆபரேஷன்களில்தான் சோதித்தார்கள். அதிலும் ஒரு பிரிவுக்கு டம்மிதான்.

– 9-ஆம் வகுப்பு மாணவி