காலில் தெரியும் நீலக் கோடுகள்

கொல்கத்தாவில் நின்றபடியே வேலை செய்பவர்கள் பலர். ஹவுரா பாலத்தின் பக்கத்தில் மல்லிக் காட் பூச்சந்தை இருக்கிறது. அங்கே விடியும் முன்பே வியாபாரம் தொடங்கிவிடும். கரியாஹாட் நடைபாதையில் துணி விற்பவர்கள் இரவு வரை நிற்பார்கள். நாற்சந்தியில் போக்குவரத்துக் காவலர் நிற்பார்.

இப்படி நிற்பவர்களில் சிலரின் காலைப் பாருங்கள். தோலின் கீழே நீலமாகவோ சிவப்பாகவோ மெல்லிய கோடுகள் தெரியும். சிலந்தி வலை போல இருக்கும். "நரம்பு சுருட்டிக்கொண்டது" என்று மக்கள் சொல்வார்கள். ஆனால் அது நரம்பு அல்ல. அது இரத்தக் குழாய். அதன் பெயர் சிரை.

சிரையின் வேலை என்ன?

காலுக்கு வந்த இரத்தத்தைச் சிரைகள் இதயத்துக்குத் திரும்பக் கொண்டு போகின்றன. நடக்கும்போது கெண்டைக்கால் சதை சிரைகளை அழுத்தும். இரத்தம் மேலே ஏறும். அது கீழே இறங்காமல் சிரைக்குள் இருக்கும் சிறு வால்வுகள் தடுக்கும். ஆடாமல் அசையாமல் நின்றால் இரத்தம் தேங்கும். சிரை விரியும். கர்ப்ப காலம், வயது, உடல் பருமன், பரம்பரை ஆகியவையும் காரணம்.

ஊசி சிகிச்சை

மெல்லிய கோடுகளை ஊசி போட்டு மறைக்கலாம். மிக நுண்ணிய ஊசியால் மருந்தைச் சிரைக்குள் செலுத்துவார்கள். சோடியம் டெட்ராடெசில் சல்பேட் என்ற மருந்து 1940களிலேயே வந்துவிட்டது. பாலிடோகனால் என்பது இன்னொன்று. மருந்து பட்டதும் சிரையின் உட்சுவர் புண்ணாகி ஒட்டிக்கொள்ளும். இரத்தம் வேறு சிரை வழியாகப் போகும். சில வாரங்களில் கோடு மங்கும். பல முறை ஊசி போட வேண்டி வரலாம். பிறகு புதிய கோடுகளும் வரலாம்.

ஊசி போட்டதும் நடக்கலாம். டாக்டர் சொல்லும் நாள் வரை இறுக்கமான காலுறை அணிய வேண்டும். சிலருக்குப் பழுப்புத் தழும்பு விழும். அரிதாகப் புண், ஒவ்வாமை, இரத்தக் கட்டி வரலாம். கர்ப்பிணிகளுக்கு இந்த ஊசி வேண்டாம்.

கைக்குத் தேவையா?

உழைக்கும் கையில் சிரை புடைத்துத் தெரிவது இயல்பு. குளுக்கோஸ் ஏற்றவும் இரத்தம் எடுக்கவும் அந்தச் சிரைகள் வேண்டும். அழகுக்காக அவற்றை அடைப்பது நல்லதல்ல.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

மெல்லிய கோடுகள் பெரும்பாலும் ஆபத்து இல்லாதவை. அவற்றுக்காகக் கடன் வாங்க வேண்டாம். ஆனால் சிரை கயிறு போலத் தடித்தால் கவனம் தேவை. கால் வீக்கம், கணுக்கால் கறுப்பது, ஆறாத புண் இருந்தால் உடனே போங்கள். ஸ்கேன் எடுத்துப் பார்த்த பிறகே சிகிச்சை முடிவாகும். கொல்கத்தாவில் 1835இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உண்டு. பி.ஜி. என்று மக்கள் அழைக்கும் எஸ்.எஸ்.கே.எம். மருத்துவமனையும் உண்டு. இரண்டும் அரசு மருத்துவமனைகள். படிப்பில்லாத போலி வைத்தியரிடம் ஊசி போடாதீர்கள்.

சிரை உடைந்து இரத்தம் வந்தால் உடனே படுங்கள். காலை உயரத் தூக்குங்கள். சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். பிறகு மருத்துவமனைக்குப் போங்கள்.

நின்று வேலை செய்பவர்கள் இடையிடையே நடக்க வேண்டும். குதிகாலை உயர்த்தி இறக்க வேண்டும். இரவில் காலுக்குக் கீழே தலையணை வைக்கலாம். இதற்குச் செலவு இல்லை.