வலிக்கும் கையும் கூடை பின்னும்

குமுளி மலைமேல் இருக்கும் ஊர். தமிழ்நாட்டின் எல்லை முடிந்து கேரளம் தொடங்கும் இடம். கம்பம், கூடலூர்ப் பக்கத்திலிருந்து தினமும் ஜீப்பில் ஆட்கள் மலை ஏறுகிறார்கள். ஏலத் தோட்டங்களில் வேலை செய்கிறார்கள். பலர் தோட்டத்து லயங்களிலேயே குடியிருக்கிறார்கள்.

ஏலக்காய் செடியின் அடியில் காய்க்கும். குனிந்தும் உட்கார்ந்தும்தான் எடுக்க வேண்டும். எது விளைந்த காய், எது பிஞ்சு என்று கண்ணும் விரலும் சேர்ந்து பார்க்கும். ஒவ்வொரு காயாக எடுக்க வேண்டும். மழையிலும் பனியிலும் இந்த வேலை நடக்கும்.

சாயங்காலம் வீடு திரும்பினால் இதே கைகள் சோறு பொங்கும். துணி துவைக்கும். தண்ணீர் சுமக்கும். அதற்குப் பிறகும் சில பெண்கள் ஒயர் கூடை பின்னுகிறார்கள். சிலர் பூக் கட்டுகிறார்கள். சிலர் கம்பளி நூலில் குழந்தைக்குக் குல்லா பின்னுகிறார்கள்.

தோட்ட வேலை கூலிக்காக. கூடை பின்னுவது மனசுக்காக. என்ன நிறம், என்ன முடிச்சு என்று அங்கே கங்காணி சொல்வதில்லை. பின்னுகிறவரே முடிவு செய்கிறார்.

இப்படிப்பட்ட கை ஒரு நாள் வலிக்கத் தொடங்குகிறது. “வயதாகிவிட்டது, இனிக் கூடை எதற்கு?” என்று வீட்டில் சொல்கிறார்கள். ஆனால், “காய் எடுக்கப் போகாதே” என்று யாரும் சொல்வதில்லை. சொல்லவும் முடியாது. கூலி வேண்டுமே!

அப்படியானால், வலிக்கும் கை உழைக்க மட்டும்தானா? மகிழ்ச்சிக்கு உதவாதா? உதவும். அதற்கு முதலில் வலியைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கை ஏன் வலிக்கிறது?

ஒரு கையில் 27 எலும்புகள் உள்ளன. எலும்பும் எலும்பும் சேரும் இடம் மூட்டு. மூட்டில் எலும்பின் முனைகளை வழுவழுப்பான குருத்தெலும்பு மூடியிருக்கும். அது தேய்ந்தால் வலி வரும். இது மூட்டுத் தேய்மானம். பெருவிரலின் அடி மூட்டிலும், விரல் நுனி மூட்டுகளிலும் இது அதிகம். நடுவயதைத் தாண்டிய பெண்களுக்கு அதிகமாக வருகிறது.

இன்னொரு வகை, முடக்கு வாதம். நோயை எதிர்க்க வேண்டிய உடம்பின் சக்தியே மூட்டுகளைத் தாக்கும். பெரும்பாலும் இரண்டு கையும் வீங்கும். காலையில் விரல்கள் விறைத்துப் போகும். விறைப்பு விலக ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகும். இது எந்த வயதிலும் வரலாம்.

மூன்றாவது, நரம்பு நெருக்கம். மணிக்கட்டில் ஒரு குறுகிய வழி உண்டு. அதன் வழியாக ஒரு நரம்பு விரல்களுக்குப் போகிறது. வழி வீங்கினால் நரம்பு நசுங்கும். பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப் போகும். இரவில் தூக்கம் கலையும். கையை உதறினால் கொஞ்சம் சரியாகும்.

சிக்குன்குனியா காய்ச்சலும் ஒரு காரணம். கேரளத்தில் 2006, 2007 ஆம் ஆண்டுகளில் இது பெரிதாகப் பரவியது. இந்தப் பெயர் ஆப்பிரிக்காவின் மக்கொண்டே மொழியிலிருந்து வந்தது. நோயாளி வலியால் வளைந்து போவதை அது குறிக்கிறது. காய்ச்சல் சில நாளில் போய்விடும். மூட்டு வலி சிலருக்கு மாதக்கணக்கில் நிற்கும்.

வலி ஒரு மணி அடிக்கிறது

வலியே இல்லாவிட்டால் நல்லது என்று தோன்றும். அது சரியில்லை. இதை உலகத்துக்கு எடுத்துக்காட்டியவர் டாக்டர் பால் பிராண்ட். அவர் 1914 ஆம் ஆண்டில் கொல்லிமலையில் பிறந்தார். 1946 ஆம் ஆண்டில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தார்.

தொழுநோய் வந்தவர்களின் விரல்கள் குறைந்துபோவதை அவர் கண்டார். நோய்தான் விரலைத் தின்கிறது என்று அப்போது பலர் நம்பினார்கள். பிராண்ட் கூர்ந்து கவனித்தார். நோய் நரம்பைக் கெடுக்கிறது. அதனால் கைக்கு உணர்ச்சி போய்விடுகிறது. சூடான பாத்திரத்தைத் தொட்டாலும் தெரிவதில்லை. புண் பட்டாலும் தெரிவதில்லை. அதே கையால் அழுத்தி அழுத்தி வேலை செய்கிறார்கள். புண் ஆறாமல் விரல் அழிகிறது. இதுதான் உண்மை என்று கண்டுபிடித்தார். மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தினார். குணமானவர்கள் மரவேலை கற்று, பொம்மைகள் செய்தார்கள். கையைக் கண்ணால் பார்த்துப் பார்த்துக் காத்துக்கொள்ளவும் கற்றார்கள்.

நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. வலி மணி அடித்துச் சொல்கிறது. “வேலையை விடு” என்று அது எப்போதும் சொல்வதில்லை. “செய்யும் முறையை மாற்று” என்றே பல நேரம் சொல்கிறது.

முறையை எப்படி மாற்றுவது?

ஒயர் கூடையை எடுத்துக்கொள்வோம். முடிச்சை இறுக்க, பெருவிரலும் ஆள்காட்டி விரலும் ஒயரைக் கிள்ளிப் பிடித்து இழுக்கின்றன. அப்போது என்ன நடக்கிறது தெரியுமா? விரல் நுனியில் 1 கிலோ அளவு அழுத்தினால், பெருவிரலின் அடி மூட்டில் சுமார் 12 கிலோ அழுத்தம் விழும். ஆகவே கிள்ளுவதைக் குறைக்க வேண்டும்.

ஒயரின் நுனியை ஒரு சிறு குச்சியில் சுற்றுங்கள். குச்சியை உள்ளங்கையால் பிடித்து இழுங்கள். பாரம் விரலை விட்டு முழுக் கைக்கும் போகும்.

குளிரில் ஒயர் விறைக்கும். வெயிலில் சிறிது நேரம் வைத்தால் இளகும். கைக்கும் அதுதான். பின்னும் முன் வெதுவெதுப்பான தண்ணீரில் கையைச் சிறிது நேரம் வையுங்கள். மூட்டு சிவந்து சூடாக வீங்கியிருந்தால் மட்டும் வெந்நீர் வேண்டாம். கை மரத்துப் போகிறவர்கள் சூட்டை முழங்கையால் பார்த்த பிறகே கையை வைக்க வேண்டும்.

பின்னல் ஊசி மெல்லியதாக இருக்கும். மெல்லிய பொருளை இறுகப் பிடிக்க வேண்டியிருக்கும். பழைய சைக்கிள் டியூபை நறுக்கி ஊசியின் பிடியில் சுற்றுங்கள். பிடி தடிப்பாகும். விரல் தளர்வாகப் பிடித்தால் போதும். கத்தரிக்கோலுக்குச் சாணை பிடியுங்கள். மொட்டைக் கத்தரி கையின் பலத்தைக் குடித்துவிடும்.

கூடையை மடியில் தலையணை மேல் வையுங்கள். அதன் பாரத்தைக் கை தாங்க வேண்டாம். பூக் கட்டும்போது நாரைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொள்ளும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். கைக்குக் காலைத் துணை சேர்த்த பழைய அறிவு அது.

ஒரே மூச்சில் பின்ன வேண்டாம். 20 நிமிடம் பின்னுங்கள். பிறகு 5 நிமிடம் விரல்களை விரித்து ஓய்வு கொடுங்கள். வலி வந்த பிறகு நிறுத்துவதை விட, வரும் முன்பே நிறுத்துவது நல்லது. வேலை முடிந்து 2 மணி நேரத்துக்குப் பிறகும் கூடுதல் வலி இருக்கிறதா? அப்படியானால் அடுத்த நாள் குறைவாகப் பின்னுங்கள். காய் எடுப்பு மும்முரமான மாதங்களில் ஒரு நாளைக்கு ஒரு வரிசையே போதும்.

அசையாமல் வைத்த கை மேலும் விறைக்கும். அளவான வேலை மூட்டை இளக வைக்கும். மனம் பின்னலில் இருக்கும்போது வலி பெரிதாகத் தெரிவதும் இல்லை.

வேலையையே மாற்றலாம்

சில நேரம் முறையை மாற்றினாலும் போதாது. அப்போது வேறு கைவேலைக்கு மாறலாம். அமெரிக்காவில் அன்னா மேரி மோசஸ் என்ற பெண் இருந்தார். 1860 ஆம் ஆண்டில் பிறந்தவர். 12 வயதிலேயே மற்றவர்களின் பண்ணைகளுக்கு வேலைக்குப் போனார். பிறகு விவசாயியை மணந்தார். 10 பிள்ளைகள் பெற்றார். 5 பிள்ளைகளே பிழைத்தார்கள். வாழ்நாள் முழுதும் பண்ணை வேலை.

வயதான காலத்தில் அவர் கம்பளி நூலால் துணியில் படங்கள் தைத்தார். 70 வயதுக்கு மேல் மூட்டு வாதம் வந்தது. ஊசி பிடிக்க முடியவில்லை. “ஊசியை விட்டுத் தூரிகையை எடு, அது எளிது” என்று அவருடைய தங்கை யோசனை சொன்னார். மோசஸ் படம் வரையத் தொடங்கினார். தான் வாழ்ந்த கிராமத்தை வரைந்தார். அறுவடையை வரைந்தார். பனி விழும் வயலை வரைந்தார். வலது கை வலித்தால் இடது கையால் வரைந்தார்.

1940 ஆம் ஆண்டில் அவருடைய படங்களின் கண்காட்சி நியூயார்க் நகரில் நடந்தது. அப்போது அவருக்கு 80 வயது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் வரைந்தார். 101 வயது வரை வாழ்ந்து, 1961 ஆம் ஆண்டில் இறந்தார். ‘மோசஸ் பாட்டி’ என்றால் அந்த நாட்டில் தெரியாதவர்கள் குறைவு.

எல்லோரும் புகழ் பெற வேண்டியதில்லை. முடிச்சுப் போட முடியாவிட்டால் வண்ணம் தீட்டலாம். பாசி கோக்கலாம். இளம் பெண்ணுக்குப் பின்னல் சொல்லிக் கொடுக்கலாம்.

கைவேலை சின்ன வேலை அல்ல

குமுளியை ஒட்டி மன்னாக்குடி இருக்கிறது. மன்னான் பழங்குடி மக்கள் வாழும் இடம் அது. இடுக்கி மாவட்டத்தில் ஊராளி, மன்னான், முதுவான் முதலிய பழங்குடி மக்கள் ஒரு பாய் முடைகிறார்கள். மலையாளத்தில் ‘ஈற்ற’ எனப்படும் மெல்லிய காட்டு மூங்கிலில் முடைவது. மூங்கிலின் உள்பக்கத்தை மெல்லிய இழைகளாகச் சீவி எடுப்பார்கள். முடைந்த பாய் கண்ணாடி போல் மினுங்கும். அதனால் அதற்குக் கண்ணாடிப்பாய் என்று பெயர். 2025 ஆம் ஆண்டில் இந்தப் பாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்தப் பொருள் இந்த மண்ணுக்கு உரியது என்று சட்டம் தரும் அடையாளம் அது.

வெட்டுவது, சீவுவது, முடைவது எல்லாம் வேறு வேறு வேலைகள். கை வலிக்காரர் எல்லாவற்றையும் செய்ய வேண்டியதில்லை. ஒருவர் சீவலாம், ஒருவர் முடையலாம். கூடைக்கும் இது பொருந்தும். அடிப்பகுதியை மகள் பின்னட்டும். பூ வேலையைத் தாய் பின்னட்டும்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

வீக்கம் பல வாரம் வற்றாவிட்டால் போக வேண்டும். காலை விறைப்பு நெடுநேரம் இருந்தால் போக வேண்டும். விரல் மரத்துப் போனாலும், கையிலிருந்து பொருள் நழுவினாலும் போக வேண்டும். முடக்கு வாதத்துக்கு இன்று நல்ல மருந்துகள் உண்டு. தொடக்கத்திலேயே போனால் மூட்டு கோணாமல் காக்கலாம். தாமதித்தால் கோணிய விரலை மருந்தால் நிமிர்த்த முடியாது.

மருந்துக் கடையில் வலி மாத்திரையை நாமாக வாங்கித் தினமும் தின்னக் கூடாது. வயிற்றில் புண் வரும். சிறுநீரகமும் கெடும்.

வீட்டில் உள்ளவர்கள் என்ன செய்யலாம்?

ஈரத் துணியைப் பிழிவது கைக்குப் பெரிய பாரம். குடம் தூக்குவதும் அப்படித்தான். தேங்காய் துருவுவதும் அப்படித்தான். இந்த வேலைகளைக் கணவனும் பிள்ளைகளும் எடுத்துக்கொள்ளலாம்.

கையின் பலமும் கூலிப் பணம் போன்றது. முழுவதையும் தோட்டத்துக்கும் அடுப்புக்கும் செலவு செய்துவிட்டால், அந்தப் பெண்ணுக்கு என்று எதுவும் மிஞ்சாது. துணியை மகன் பிழியட்டும். தண்ணீரைக் கணவன் தூக்கட்டும். அவள் தனக்குப் பிடித்த நிறத்தில் ஒரு வரிசை பின்னட்டும்.