மிதிபடுவதற்கென்று ஒரு துரோகி

வீடியோ கேமைப் பற்றியெல்லாம் இங்கே எழுதணுமா என்று சில தோழர்கள் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும். எதிரி என்பவன் எப்படிச் செய்யப்படுகிறான் என்பதை இவ்வளவு பச்சையாகக் காட்டும் பிரதி வேறொன்று என் கண்ணில் படவில்லை.

ஜப்பானின் நிண்டெண்டோ 1985 செப்டம்பரில் வெளியிட்ட 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்'. ஆட்டம் தொடங்கிய சில விநாடிகளில் வலப்பக்கத்திலிருந்து ஒரு காளான் நடந்து வருகிறது. கை கிடையாது. நெரித்த புருவம், இரண்டு பாதம், அவ்வளவுதான். அமெரிக்காவில் அதற்கு வைத்த பெயர் கூம்பா. அது பட்டால் மரியோ சாவான். மரியோ மேலே குதித்து மிதித்தால் அது சாகும். மிதித்தவனுக்கு 100 புள்ளி.

கூம்பா மரியோவைத் தாக்க வருவதாகத்தான் நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். உண்மையில் மரியோ எங்கே நிற்கிறான் என்பதே அதற்குத் தெரியாது. விட்ட திசையில் நடக்கும். குழாயில் முட்டினால் திரும்பும். பள்ளம் வந்தால் நிற்கக்கூடத் தெரியாமல் விழுந்து செத்துப்போகும். இதுல பகை எங்கே இருக்கு?

வடிவமைப்பாளர் ஷிகெரு மியாமோட்டோ பின்னாளில் ஒரு நேர்காணலில் விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டார். முதலில் எதிரியாக இருந்தது ஆமை. அதை மிதிக்கணும், பிறகு ஓட்டை உதைக்கணும். புதிதாக ஆடுபவர்கள் திணறினார்கள். மிதித்தவுடன் சாகிற ஒன்று தேவைப்பட்டது. ஆக, எல்லா எதிரிகளுக்கும் கடைசியில் உருவான கூம்பா முதல் ஆளாக முன்னால் நிறுத்தப்பட்டது. கேட்ரிட்ஜில் மொத்த இடமே 40 கிலோபைட், அதுவும் தீர்ந்துகொண்டிருந்தது. எனவே நடப்பதற்கு ஒரே படம். அதையே இடவலமாகப் புரட்டிப் புரட்டி நடை என்று காட்டினார்கள். நசுங்கிக் கிடப்பதற்கு இன்னொரு படம். வாழ ஒன்று, சாக ஒன்று.

பயிற்சிக்கு ஒரு உடல் வேண்டியிருந்தது, சரி. ஆனால் மிதிக்கிறவனுக்கு மனசு உறுத்தக்கூடாதே! அமெரிக்கப் பதிப்பின் கையேடு அதைக் கவனித்துக்கொள்கிறது: கூம்பா, காளான் ராஜ்யத்துக்குத் துரோகம் செய்த காளானாம். என்ன துரோகம், எப்போது, யாரிடம் விலைபோனது? ஒரு வரி விளக்கம் இல்லை. ஆட்டத்துக்குள் தேடினாலும் சாட்சியம் கிடைக்காது. குற்றப்பத்திரிகை முழுக்கக் காகிதத்தில்தான் இருக்கிறது.

அதே கையேடு இன்னொன்றும் சொல்கிறது. ஆமைக் கூட்டத்தின் மந்திரத்தால் ராஜ்யத்தின் அப்பாவிக் குடிகள் கல்லாகவும் செங்கல்லாகவும் செடியாகவும் மாற்றப்பட்டுவிட்டார்களாம். அப்படியானால் வழிநெடுக மரியோ முட்டி உடைத்துக்கொண்டே போகிற செங்கற்கள் யார்? உடைபடும் ஒவ்வொரு செங்கல்லுக்கும் 50 புள்ளி. துரோகிக்கு 100, குடிமகனுக்கு 50. மீட்க வந்தவனின் கணக்கு இது. இதை யாரும் வன்முறை என்று வாசிப்பதில்லை, ஏனென்றால் செங்கல்லுக்கு முகம் இல்லை.

2000இல் வந்த 'பேப்பர் மரியோ'வில் கூம்பாக்களுக்கு ஊர் வந்துவிட்டது, குடும்பம் வந்துவிட்டது. கூம்பாரியோ என்ற சிறுவன் மரியோவுக்கு ஆதரவாளனாகி அவனோடு கிளம்பிவிடுகிறான். அவனுக்கென்று கொடுத்திருக்கும் திறமை, எதிரே வருபவன் யார், எவ்வளவு அடி தாங்குவான் என்று மரியோவிடம் சொல்வது. எதிரே நிற்பது இன்னொரு கூம்பாவாக இருந்தாலும் சொல்லிவிடுவான்.