சாதிப்பத்திரி மணக்கும் கேக்கு

பெருநாள்கள் நெருங்கும் வேளையில் சிங்கப்பூரின் சிராங்கூன் சாலைப் பக்கம் செல்வோர், மல்லிகைச் சரத்தின் மணத்தையும் ஊதுவத்தியின் மணத்தையும் தாண்டி மளிகைக் கடைகளின் மணம் தம்மை இழுப்பதை உணர்வர். தேக்கா என நம்மவர் அழைக்கும் அவ்வட்டாரத்தின் சந்தை 1915ஆம் ஆண்டில் தோன்றியது. 1982இல் சாலையின் எதிர்ப்புறத்துப் புதிய கட்டடத்துக்கு அது மாறியது. அரசாங்கம் அதற்குச் சூட்டிய சீனப் பெயர் மக்கள் நாவில் நிலைக்கவில்லை. 2000இல் பழைய பெயரே திரும்பி வந்தது. சந்தையைச் சுற்றியுள்ள கடைகளில் ஏலம், பட்டை, கிராம்பு ஆகியவற்றின் அருகே, காய்ந்த பூவிதழ் போன்ற செம்மஞ்சள் நிறப் பொருள் சிறுசிறு பொட்டலங்களில் இருக்கக் காணலாம். அதுவே சாதிப்பத்திரி.

நம்மவர் இதனைப் பெரும்பாலும் பிரியாணிக்கும் கறிமசாலைக்கும் வாங்குவர். ஆனால் கேக்குக்கென்றே வாங்கிச் செல்வோரும் அந்நகரில் உண்டு. வீட்டிலேயே கேக்கு செய்யும் பழக்கம் தோட்டப்புறங்களிலும் பரவியிருப்பதால், இப்பொருளின் தன்மையையும் அதனைக் கையாளும் முறையையும் இங்கு விளக்க விழைகின்றோம். விலை மிகுந்த பொருள் இது. பால்வெட்டி ஈட்டிய கூலியில் வாங்குவது வீணாகிவிடக் கூடாது.

மலாய் மொழியில் சாதிப்பத்திரிக்கு 'புங்கா பாலா' என்று பெயர். 'சாதிக்காயின் பூ' என்பது அதன் பொருள். உண்மையில் அது பூவன்று. சாதிக்காய் மரத்தின் பழம் முற்றியதும் இரண்டாகப் பிளக்கும். உள்ளே கருமை படர்ந்த பழுப்பு நிற ஓட்டுடன் விதை இருக்கும். அவ்வோட்டின் மீது இரத்தச் சிவப்பில் வலைபோல் ஒரு தோல் பின்னிக் கிடக்கும். அத்தோலை உரித்து வெயிலில் உலர்த்தினால் சிவப்பு மங்கிச் செம்மஞ்சள் நிறம் பெறும், அதுதான் பத்திரி. ஓட்டுக்குள் இருக்கும் பருப்பே சாதிக்காய். ஒரே பழத்தில் இரண்டு சரக்குகள்; எனினும் பத்திரியின் எடை பருப்பின் எடையை விட மிகக் குறைவு. அதனாலேயே அதன் விலை அதிகம். மேலும், அதனைக் கிழியாமல் உரிப்பதற்குக் கைப்பழக்கம் வேண்டும். மரப்பட்டையின் ஆழத்தை விரல்நுனியால் அறிந்து கத்தியைச் செலுத்தும் பால்வெட்டுத் தொழிலாளர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

இன்று சாதிப்பத்திரியை விலைக்கு வாங்கும் சிங்கப்பூர் ஒரு காலத்தில் அதனை விளைவித்த ஊர் என்பது பலர் அறியாத செய்தி. சாதிக்காயின் தாயகம் இந்தோனேசியாவின் பண்டா தீவுகள். 1621இல் டச்சுக்காரர்கள் அத்தீவுகளைப் படையெடுத்துப் பிடித்தனர். அங்கு வாழ்ந்த மக்களுள் பெரும்பாலோர் கொல்லப்பட்டனர் அல்லது விரட்டப்பட்டனர். எல்லாம் இந்தச் சிறு காய்க்காகத்தான். நெடுங்காலம் டச்சுக்காரர் கைக்குள் அடங்கியிருந்த இவ்வாணிகம், ஆங்கிலேயர் நாற்றுகளைப் பினாங்குக்கும் சுமத்திராவின் பெங்கூலுவுக்கும் கொண்டுசென்றதால் தளர்ந்தது. 1819இல் சிங்கப்பூரில் கால் வைத்த ராபிள்ஸ், பெங்கூலுவிலிருந்து சாதிக்காய்க் கன்றுகளை வரவழைத்து, இன்று போர்ட் கேனிங் என வழங்கும் குன்றின் சரிவில் நடச் செய்தார்.

பின்னர் 1830களிலும் 1840களிலும் அந்நகரைச் சாதிக்காய் மோகம் பிடித்துக்கொண்டது. அரசாங்க மருத்துவர் ஆக்ஸ்லி, அஞ்சல் அலுவலர் கப்பேஜ் போன்றோர் காடழித்துத் தோட்டம் போட்டனர். இன்று மாடமாளிகைகளும் பெருங்கடைகளும் நிறைந்துள்ள ஆர்ச்சர்ட் சாலையின் இருமருங்கிலும் அன்று நின்றவை சாதிக்காய் மரங்களும் பழத்தோட்டங்களுமே. ஆர்ச்சர்ட் என்னும் சொல்லுக்குப் பழத்தோட்டம் என்பதுதான் பொருள். எமரால்டு ஹில், கெயின்ஹில் ஆகிய இடங்களும் அவ்வாறு தோட்டமாக இருந்தவையே. அந்த வளம் நீடிக்கவில்லை. 1850களில் மரங்களை ஒருவகை நோய் பற்றியது. கிளைகள் நுனியிலிருந்து காய்ந்தன. காய்கள் முற்றுமுன் வெடித்து உதிர்ந்தன. பட்டையைத் துளைக்கும் சிறு வண்டே காரணம் எனச் சிலரும், மண் சத்திழந்ததே காரணம் எனச் சிலரும் கூறினர். காரணம் எதுவாயினும், 1860களுக்குள் தோட்டங்கள் பாழாயின. ஒரே பயிரை நம்பி முதலிட்டவர்கள் நிலத்தைக் கூறுபோட்டு விற்றனர்.

அடுத்து அதே நகரில் வேரூன்றியது நம் பால்மரம். 1877இல் இலண்டனின் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்கு வந்தன. 1888இல் அப்பூங்காவின் பொறுப்பேற்ற ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பால் எடுக்கும் வெட்டுமுறையை வகுத்தார். இன்று வெட்டுமரத்தின் முன் நிற்கும் ஒவ்வொருவர் கையிலும் அம்முறையின் வழி தொடர்கிறது. அவரே பின்னாளில், 1912இல், நறுமணப் பொருள்களைப் பற்றித் தனி நூலொன்றும் எழுதினார் என்பது குறிப்பிடத்தக்கது.

மரங்கள் மறைந்தன, மணம் மட்டும் அடுக்களையில் தங்கியது. சிங்கப்பூரில் சாதிப்பத்திரியின் பெயரைக் காக்கும் பலகாரங்களுள் தலையாயது 'குவே லாப்பிஸ்' என்னும் அடுக்குக் கேக்கு. லாப்பிஸ் என்னும் மலாய்ச் சொல்லுக்கு அடுக்கு என்று பொருள். அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் சேர்த்து ஆவியில் வேகவைக்கும் வண்ண அடுக்குப் பலகாரத்தையும் அப்பெயராலேயே அழைப்பதுண்டு. நாம் கூறுவது அதுவன்று. வெண்ணெயும் முட்டையும் சேர்த்துச் சுடுவது. டச்சுக்காரர் இந்தோனேசியாவை ஆண்ட காலத்தில் பிறந்த இதில், ஐரோப்பியரின் வெண்ணெய்க் கேக்கும் அத்தீவுகளின் வாசனைச் சரக்கும் ஒன்று கலந்தன. பட்டை, கிராம்பு, சாதிக்காய், ஏலம் ஆகியவற்றோடு சாதிப்பத்திரியும் சேர்வதுண்டு. சீனப் புத்தாண்டிலும் நோன்புப் பெருநாளிலும் இது இல்லாத விருந்து குறைவு.

இதனைச் செய்யும் முறை பொறுமையைச் சோதிப்பது. சுமார் அரைக் கிலோ வெண்ணெய்க்கு இருபதுக்கும் மேற்பட்ட முட்டைகளின் மஞ்சட்கரு செல்லும். மாவோ 100 முதல் 150 கிராம்தான். கலவையில் ஓர் அகப்பையளவு எடுத்துச் சதுரத் தட்டில் மெல்லப் பரப்பி, மேலிருந்து மட்டும் அனல் படுமாறு ஐந்து நிமிடம் சுடுவர். மேற்புறம் பொன்னிறமானதும் வெளியே எடுத்து, கொப்புளம் எழுந்திருப்பின் ஊசியால் குத்தி, தட்டையான கட்டையால் அழுத்தி, அடுத்த அகப்பையை ஊற்றுவர். இவ்வாறு பதினெட்டு, இருபது அடுக்குகள். இரண்டு மூன்று மணி நேரம் அடுப்பை விட்டு அகல முடியாது. கவனம் ஒரு நிமிடம் தவறினால் ஓர் அடுக்கு கருகும்; கருகிய அடுக்கை ஒளிக்க வழியில்லை, வெட்டியதும் கறுப்புக் கோடாகத் தெரிந்துவிடும். கடையில் இதன் விலையைக் கேட்டு வியப்போர், அவ்விலையில் பாதி இக்கைவேலைக்கே உரியது என அறிதல் வேண்டும்.

யுரேசியக் குடும்பத்தார் கிறிஸ்துமஸுக்குச் செய்யும் 'சூஜிக் கேக்கு' நமக்கு இன்னும் நெருங்கியது. சூஜி என்பது நம் ரவையேயன்றி வேறில்லை. ரவையை வெண்ணெயில் ஊறவைத்து, வாதுமைப் பருப்பும் முட்டையும் சேர்த்துச் சுடுவர். பிராந்தி சேர்ப்பதும் அவர்கள் வழக்கம். அது இல்லாமலும் கேக்கு நன்றாகவே வரும் என்பது எம் கருத்து.

தோட்ட வீட்டில் முதன்முதலாகச் செய்வோர் எளிய வெண்ணெய்க் கேக்கிலிருந்து தொடங்குதல் நலம். ஆங்கிலேயர் இதனைப் 'பவுண்டு கேக்கு' என்பர். வெண்ணெய், சீனி, மாவு, முட்டை ஒவ்வொன்றும் ஒரு பவுண்டு என்பதால் வந்த பெயர். சிறிய குடும்பத்துக்கு வெண்ணெய், சீனி, கோதுமை மாவு ஒவ்வொன்றும் 250 கிராமும், ஐந்து முட்டைகளும் போதும். வெண்ணெயையும் சீனியையும் வெளுத்து நுரைக்கும் வரை அடிக்க வேண்டும். சாதிப்பத்திரிப் பொடி அரைத் தேக்கரண்டியை இந்நிலையிலேயே சேர்த்துவிட வேண்டும். ஏனெனில் அதன் மணம் எளிதில் ஆவியாகும் எண்ணெயில் உள்ளது. அவ்வெண்ணெய் நீரில் கரையாது, கொழுப்பில் கரையும். வெண்ணெய் மணத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கடைசியில் மாவோடு தூவுவோர்க்கு மணம் ஓரிடத்தில் மிகுந்தும் ஓரிடத்தில் குறைந்தும் நிற்கும். பின்னர் முட்டைகளை ஒவ்வொன்றாக அடித்துச் சேர்த்து, ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடருடன் சலித்த மாவை அழுத்தாமல் கலக்கவேண்டும்.

ஓவன் அடுப்பு உள்ளோர் 170 பாகைச் சூட்டில் ஏறத்தாழ 50 நிமிடம் வைக்கலாம். அது இல்லாதோர் மனம் தளர வேண்டா. அண்டைவீட்டு மலாய்த் தாய்மார்கள் 'பாவுலு' சுடுவதைக் கண்டிருப்பீர்கள். பித்தளை அச்சின் கீழும் மேலும் தணல் இட்டுச் சுடுவர். அம்முறையே இங்கும் உதவும். கனமான பாத்திரத்தில் இரண்டு விரற்கடை மணல் பரப்பிச் சூடேற்றி, அதன்மேல் கேக்குத் தட்டை வைத்து மூடி, மூடியின் மேல் தேங்காய்ச் சிரட்டைத் தணலைப் பரப்ப வேண்டும். கீழே தணல் குறைவாகவும் மேலே சற்று மிகுதியாகவும் இருக்கட்டும். ஈர்க்குக்குச்சியைக் குத்தி எடுத்தால் மாவு ஒட்டாதிருப்பதே பதம். இவ்வேலையை வெளிவாசலிலோ காற்றோட்டமுள்ள இடத்திலோதான் செய்யவேண்டும். கதவடைத்த அறையில் தணல் மூட்டினால் எழும் நச்சுக்காற்றுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. அது உயிரையே வாங்கிவிடும்.

வாங்கும்போது ஏமாறாதிருக்கவும் வழியுண்டு. இந்தியாவின் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வளரும் காட்டுச் சாதிக்காய் மரத்தின் பத்திரியை நல்ல பத்திரியோடு கலந்து விற்பது பழைய தந்திரம். அது கருஞ்சிவப்பாக, நுனியில் நூல்நூலாகப் பிரிந்து இருக்கும், மணம் இராது. நல்ல பத்திரி செம்மஞ்சளாக, அகன்ற இதழாக இருக்கும். நகத்தால் கீறினால் எண்ணெய்ப் பசையும் மணமும் வெளிப்படும். பொடியாக அரைத்தபின் கண்ணால் பிரித்தறிய இயலாது. ஆகவே முழுப் பத்திரியையே வாங்குக. தேவைப்படும்போது வெறுஞ்சட்டியில் இலேசாகச் சூடுகாட்டிப் பொடித்துக்கொள்க. மிச்சத்தை இறுக மூடிய கண்ணாடிப் புட்டியில், வெயில் படாத இடத்தில் வைத்தால் பல மாதங்கள் கெடாது.

ஒன்றை மறக்கலாகாது. மணம் நல்லதென்று அளவைக் கூட்டக் கூடாது. சாதிக்காயிலும் பத்திரியிலும் உள்ள ஒரு பொருள் மிகுந்த அளவில் உட்சென்றால் நெஞ்சுப் படபடப்பு, வாய் உலர்தல், மயக்கம், மனக்குழப்பம் ஆகியவற்றை உண்டாக்கும். ஒரு முழுக் கேக்குக்கு அரைத் தேக்கரண்டி என்பதால் ஒரு துண்டில் சேர்வது மிகச் சொற்பமே, அதில் அச்சமில்லை. குழந்தை உறங்கவில்லை என்று இதனை உரைத்துத் தம் விருப்பம்போல் புகட்டுவதுதான் ஆபத்து. அத்தகைய வேளையில் தோட்ட மருத்துவமனையை நாடுவதே தக்கது. பொட்டலத்தையும் குழந்தைகளின் கைக்கு எட்டாதவாறு வைக்கவேண்டும்.

சுட்ட அன்றே வெட்டி உண்ண ஆவல் எழும். ஆயினும் நன்கு ஆறவிட்டு, மூடிவைத்து, மறுநாள் வெட்டிப் பாருங்கள். மணம் அதற்குள் கேக்கு முழுவதும் பரவியிருக்கும். அடுக்குக் கேக்கு செய்வோர்க்கு முட்டையின் வெள்ளைக்கரு நிறைய மிஞ்சும். அதனைக் கொட்டிவிடாமல் வெங்காயமும் பச்சைமிளகாயும் அரிந்து போட்டுப் பொரித்துவிட்டால், அடுப்படியில் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு அன்றைய மாலைப் பசியாறல் ஆகிவிடும்.