பறவையின் உறவினர்

மாமல்லபுரம் அருகே, 1976-இல் தொடங்கப்பட்ட முதலைப் பண்ணையில் சொம்புமூக்கு முதலையைக் காணலாம். அதற்கு நெருங்கிய உறவு பல்லியா, பறவையா? பறவையே!

சுமார் 24 கோடி ஆண்டுகளுக்கு முன் இரண்டிற்கும் மூதாதை ஒன்றே. 2014-இல் இம்முதலையோடு வேறு இரு முதலையினங்களின் மரபணுத் தொகுதிகளை அறிஞர்கள் ஆராய்ந்து வெளியிட்டனர். பறவைகளின் மரபணுக்கள் விரைந்து மாறியிருக்க, முதலைகளுடையவை மிக மெதுவாகவே மாறியிருந்தன.

நம் காஞ்சித் தறிகளில் புதுப்புதுக் கரைகள் வந்தாலும், பழைய வேலைப்பாட்டை அறியப் பாட்டியின் புடவையைத்தானே விரித்துப் பார்க்கிறோம்? மறைந்துபோன மூதாதையை அறிய முதலையே அப்புடவை. சம்பல் ஆற்றில் பெரும்பாலும் எஞ்சியுள்ள சொம்புமூக்கு முதலை இன்று அழியும் தறுவாயில் உள்ளது. அதைக் காப்பது நம் கடமையன்றோ?