கருணா? சாயா? ஒரு மூணாம் நம்பர் பஞ்சாயத்து

டிஸ்கி: கிரிக்கெட்னாலே காத தூரம் ஓடுறவங்க இப்பவே எஸ்கேப் ஆகிக்கலாம். அப்புறம் வந்து மொக்கைன்னு திட்டக் கூடாது, சொல்லிட்டேன் :-)

டிசர்ட்டேஷன் ஆணி தலைக்கு மேல இருந்த நேரத்துல டூட்டிங்ல எங்க வீட்டு கிச்சன்ல நடந்த பஞ்சாயத்து இது. 2025 ஜூன்ல ஆரம்பிச்சு ஆகஸ்ட் வரைக்கும் ஓடுச்சு. எதிர்க்கட்சி என் ரூம்மேட். திருநெல்வேலிக்காரர், அதனால வீட்ல எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி. வயசு 34. சென்னையில பத்து வருஷம் வேலை பார்த்து சேத்த காசையெல்லாம் கட்டிட்டு, என்னோட அதே கோர்ஸ்ல என் பக்கத்துல வந்து உட்கார்ந்தவர். எனக்கு 23, சாய் சுதர்சனுக்கும் அப்ப அதே வயசு. அண்ணாச்சி கருண் நாயரை விட ஒரு வயசு பெரியவர். யார் எந்தக் கட்சின்னு இதுக்கு மேலயும் சொல்லணுமா?

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். 2016 டிசம்பர், வர்தா புயல் சென்னையைப் புரட்டிப் போட்டு ஒரு வாரம்தான் ஆகியிருக்கும். சேப்பாக்கத்துல இங்கிலாந்துக்கு எதிரா கருண் 303 நாட் அவுட். சேவாக்குக்கு அப்புறம் டெஸ்ட்ல முச்சதம் அடிச்ச ரெண்டாவது இந்தியர். அடுத்த டெஸ்ட்லயே வெளியே! காயத்துல இருந்து ரஹானே திரும்பிட்டார், அவ்ளோதான். 2017 மார்ச்சுக்கு அப்புறம் ஆளையே காணோம். 2018ல இங்கிலாந்துக்குக் கூட்டிட்டு வந்து தொடர் முழுக்க பெஞ்ச்ல உட்கார வச்சாங்க. கடைசியா ஓவல் டெஸ்ட்ல, பாதித் தொடர்ல வந்து சேர்ந்த விஹாரியை இறக்கினாங்க. விஹாரி 56 அடிச்சார், அது வேற கதை. ஆனா அண்ணாச்சிக்கு அந்த ஓவல் மேட்டர் இன்னும் ஆறலை. "வந்து இறங்கின பயலுக்கு எடம், ரெண்டு மாசமா பை தூக்கினவனுக்கு நாமமாடே?"ன்னு ஏதோ அவர் வீட்டுச் சொத்தை எழுதி வாங்கிட்ட மாதிரி கேப்பார்.

அப்புறம் கர்நாடகாவை விட்டு விதர்பாவுக்குப் போனார். நார்த்தாம்டன்ஷயருக்குக் கவுண்ட்டி ஆடினார். 2024-25ல ரஞ்சியில 863 ரன், விஜய் ஹசாரேல 779 ரன். எட்டு வருஷம் கழிச்சு, 33 வயசுல மறுபடியும் இந்தியத் தொப்பி.

நம்ம ஆளு சாய், 2025 ஐ.பி.எல்ல 759 ரன் அடிச்சு ஆரஞ்சு தொப்பி வாங்கினவர். சர்ரேக்கு ரெண்டு சீசன் ஆடியிருக்கார், அதாவது ஓவல் அவருக்கு ஊர் மைதானம் மாதிரி. ஆனா டெஸ்ட் அனுபவம்? பூஜ்யம். ஹெடிங்லில ஜூன் 20ந்தேதி முதல் டெஸ்ட். நாலு பந்துல லெக் சைடுல தொட்டு டக். ரெண்டாவது இன்னிங்ஸ்ல 30. அடுத்த மேட்ச்ல ஆளைத் தூக்கிட்டாங்க!

எனக்கு வந்துச்சே கோவம். ஒரே ஒரு மேட்ச்ல என்னத்தைக் கண்டுபிடிச்சீங்க? ஹெடிங்லில ஆறாம் நம்பர்ல வந்த கருண் அடிச்சது 0, 20. சாய் அடிச்சதை விடக் கம்மி. ஆனா அவரை மூணாம் நம்பருக்குப் ப்ரமோட் பண்ணாங்க. இந்தக் கணக்கு எந்த ஊரு கணக்குங்க?

அண்ணாச்சி சாம்பாரைக் கிண்டிக்கிட்டே சொன்னார்: "ஒனக்கு இருவத்திமூணு. ஒனக்கு அடுத்த வருசமும் இருக்கு, அதுக்கு அடுத்த வருசமும் இருக்கு. அவனுக்கு இது விட்டா ஏதுடே?"

"அதுக்காக? டெஸ்ட் டீம் என்ன முதியோர் உதவித்தொகையா?"ன்னேன். வாய் எனக்குக் கொஞ்சம் நீளம். அவர் பதில் பேசலை. அன்னைக்கு எனக்கு சாம்பார்ல முருங்கைக்காய் விழலை.

கருண் ஆடினதைப் பார்த்தா பாவமாவும் இருந்துச்சு, கடுப்பாவும் இருந்துச்சு. எட்ஜ்பாஸ்டன்ல 31, 26. லார்ட்ஸ்ல 40. ஒவ்வொரு தடவையும் அழகா செட் ஆகி, இனிமே அடிப்பார்னு நாம நிமிர்ந்து உட்காரும்போது போயிடுவார். லார்ட்ஸ்ல அவரை ஒத்தைக் கையில பிடிச்சு ரூட் உலக சாதனையே பண்ணிட்டார் (டெஸ்ட்ல 211வது கேட்ச், திராவிட் ரெக்கார்டு காலி). ரெண்டாவது இன்னிங்ஸ்ல 14. கார்ஸ் பந்தை ஆடாம விட்டு எல்.பி.டபிள்யூ. அந்த மேட்ச்ல நாம தோத்தது 22 ரன்ல. மான்செஸ்டர்ல கருண் வெளியே, சாய் உள்ளே. 61 அடிச்சார், நான் கிச்சன்ல குத்தாட்டம் போட்டேன். அடுத்த இன்னிங்ஸ்ல முதல் பந்துலயே அவுட், குத்தாட்டத்தை அண்ணாச்சி தொடர்ந்தார்.

ஜூலை 31, வியாழக்கிழமை, ஓவல். ரெண்டு பேருக்கும் இடம் கொடுத்துட்டாங்க. கோர்ஸ்மேட் ஒருத்தன் ஊருக்குக் கிளம்பின புண்ணியத்துல எங்க ரெண்டு பேருக்கும் டிக்கெட். டிபன் பாக்ஸ்ல புளியோதரையோட நார்தர்ன் லைன் ஏறினோம்.

இங்க ஒண்ணு சொல்லியாகணும். எங்க ரெண்டு பேருக்கும் வார இறுதியில ஒரே கடையில பில்லிங் வேலை. வீசால வாரத்துக்கு 20 மணி நேரம்னு கட்டுப்பாடு இருக்கிறவனுக்கு அந்த ரெண்டு நாள் காசுதான் அரிசி, பருப்பு. என்னைச் சேர்த்து விட்டதே அண்ணாச்சிதான். மெஷின்ல எந்த பட்டனை அமுக்கணும்னு சொல்லிக் கொடுத்ததும் அவரே. புதன்கிழமை சாயங்காலம் ஓனர் எனக்கு போன் பண்ணி, "ஆகஸ்ட்ல இருந்து ஒரு ஆள் போதும், நீ வா. சின்னப் பையன், சுறுசுறுப்பா இருக்க. அவர்கிட்ட நான் சொல்லிக்கறேன்"ன்னார். நான் சரின்னுட்டேன். அதை அண்ணாச்சிகிட்ட சொல்லாமத்தான் அவர் பக்கத்துல உட்கார்ந்திருந்தேன்.

பச்சைப் பிட்ச், மப்பு, நடுநடுவுல மழை. சாய் 108 பந்து தாக்குப் பிடிச்சு 38. நல்ல பந்துங்க அது, யாரா இருந்தாலும் போயிருப்பாங்க. அண்ணாச்சி கைதட்டினார், நிஜமாவே. அப்புறம் கருண் வந்தார். ஆட்டம் முடியப் போற நேரம், அவர் அடிச்ச பந்தை பவுண்டரிகிட்ட விழுந்து தடுத்த வோக்ஸ் தோள்பட்டையைப் பிடிச்சுக்கிட்டு எழவே இல்லை. மூணு ரன் ஓடியாச்சு, நாலாவதும் தாராளமா ஓடலாம். கருண் வேணாம்னு வாஷிங்டனை நிறுத்திட்டார். ஒவ்வொரு ரன்னுக்கும் பிச்சை எடுக்கிற நிலைமையில இருக்கிற மனுஷன்! அன்னைக்கு 52 நாட் அவுட். அந்த 303க்கு அப்புறம் முதல் அரைசதம். அண்ணாச்சி கண்ணைத் துடைச்சதை நான் பார்க்காத மாதிரி கேஸ்ஹோல்டர் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

திரும்பி வர்றப்ப ஸ்டாக்வெல் தாண்டினதும் என்னால முடியலை. "அண்ணாச்சி, கடையில..."

"காலையிலயே மெசேஜ் வந்துட்டுடே. புளியோதரை கட்டும்போதே தெரியும்." கொஞ்ச நேரம் கழிச்சு, "நீ நேத்தே சொல்லியிருக்கலாம்"னார். டூட்டிங் வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் பேசலை.

மறுநாள் கருண் 57ல அவுட், ரெண்டாவது இன்னிங்ஸ்ல 17. சாய் 11. திங்கட்கிழமை ஆறு ரன்ல ஜெயிச்சோம். தொடர்ல கருண் எட்டு இன்னிங்ஸ்ல 205, சாய் ஆறு இன்னிங்ஸ்ல 140. பஞ்சாயத்துக்குத் தீர்ப்பு சொல்ற நம்பரா இது? எனக்கென்னவோ ரெண்டு பேரையுமே நிம்மதியா ஆட விடலைன்னுதான் தோணுது. அக்டோபர்ல வெஸ்ட் இண்டீஸ் தொடர் டீம்ல கருண் பேரே இல்லை. சாய் டெல்லியில 87 அடிச்சார்.

செப்டம்பர்லயே அண்ணாச்சி லெஸ்டர் பக்கம் ஒரு வேர்ஹவுஸ் வேலைக்குப் போயிட்டார். நவம்பர் 2025, கொல்கத்தா டெஸ்ட். மூணாம் நம்பர்ல வாஷிங்டன் சுந்தர், சாய் வெளியே. ரெண்டு மாசம் கழிச்சு அன்னைக்குத்தான் அண்ணாச்சிகிட்ட இருந்து போன்.

"என்னடே, ஒங்க பயலையும் தூக்கிட்டானுவளே."

சந்தோஷமா சொல்வார்னு நினைச்சேன். அப்படித் தெரியலை. எனக்கும் சண்டை போடத் தோணலை. "சாப்டீங்களா அண்ணாச்சி?"ன்னேன்.