மாடு மேய்த்த சிறுவனும் கோவிலம்பாக்கத்துப் பிள்ளையும்

வென்ற வீரனுக்கு மாலை சூட்ட ஆயிரம் கைகள் நீளும். அவன் பசித்துக் கிடந்த நாளில் சோறிட்ட கை எது என்று கேட்பார் மட்டும் இல்லை. நாம் கேட்கிறோம்!

இந்திய வளைகோல் பந்தாட்ட அணி முதன்முதலாக ஒலிம்பிக் தங்கம் வென்றது 1928இல், ஆம்ஸ்டர்டாம் நகரில். அடித்த கோல்கள் 29. வாங்கியது ஒன்றுகூட இல்லை. அந்த அணியின் தலைவர் யார்? அரண்மனைச் செல்வரா? ஆலை முதலாளியின் மைந்தரா? இல்லை, தோழர்களே! இன்றைய ஜார்க்கண்டின் குந்தி வட்டாரத்தில், முண்டாப் பழங்குடியில் 1903இல் பிறந்து, சிறு வயதில் மாடு மேய்த்த ஜெய்பால் சிங்!

ராஞ்சியில் பாதிரிமார் நடத்திய புனித பால் பள்ளியில் அவர் சேர்ந்தார். அதன் தலைவர் காஸ்கிரேவ், சிறுவனின் திறமையைக் கண்டு, தம் பொறுப்பில் இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார். ஆக்ஸ்போர்டில் படிப்பு, அங்கேயே வளைகோல் ஆட்டத்தில் புகழ். ஐ.சி.எஸ். தேர்விலும் வெற்றி. ஒலிம்பிக்கில் ஆட விடுப்புக் கேட்டார், மறுத்தார்கள். பதவியா, பந்தாட்டமா? பந்தாட்டத்தைத் தேர்ந்தார், பதவியைத் துறந்தார்.

பிறர் ஆதரவில் வளர்ந்ததற்கு அவர் கொடுத்த விலையும் உண்டு. ஊரை விட்டு, உற்றாரை விட்டு, தாய்மொழி கேளாத தேசத்தில் வளர்ந்தார். ஆயினும் தம் மக்களை மறக்கவில்லை. 1939இல் ஆதிவாசி மகாசபையின் தலைவரானார். 1946இல் அரசியல் நிர்ணய சபையில் எழுந்து, காலமெல்லாம் நிலம் பறிகொடுத்த பழங்குடியினருக்காக வாதாடினார்.

ஒரு சிறுவனுக்கு ஒரு காஸ்கிரேவ் கிடைத்தார். கிடைக்காத பிள்ளைகள் எத்தனை பேர்? அதிர்ஷ்டத்தை நம்பியா ஏழைப் பிள்ளை வாழ்வது?

இன்று சட்டம் இருக்கிறது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், ஆதரவற்ற குழந்தையை வளர்ப்புப் பராமரிப்பாக ஒரு குடும்பத்திடம் ஒப்படைக்க வழி செய்கிறது. உடன்பிறந்தோரைப் பிரிக்காதிருக்க முயல வேண்டும். பெற்றோர் இருந்தால் வந்து பார்க்கலாம். அவர்கள் நிலை சீரானால் பிள்ளை வீடு திரும்பலாம் என்கிறது. வளர்க்கும் குடும்பத்துக்கு மாதம் 4000 ரூபாய் உதவி தர வாத்சல்யா திட்டம் இடமளிக்கிறது. ஊரையும் உறவையும் அறுக்காமல் பிள்ளையைக் காக்கும் வழி இது.

ஆனால், சட்டம் ஏட்டில் இருந்தால் பிள்ளையின் வயிறு நிறையுமா? கோவிலம்பாக்கத்தில், ரேடியல் சாலை ஓரத்தில், கட்டட வேலைக்கு வந்த குடும்பங்கள் எத்தனை! சாரத்திலிருந்து தகப்பன் விழுந்தால், தாய் நோயில் படுத்தால், பிள்ளை யார் வாசலில் நிற்கும்? பக்கத்து வீட்டுக்காரர் அனுதாபப்படுவார். அடுத்த மாதம் அந்தப் பிள்ளை ஏதோ ஒரு கடையில் தட்டுக் கழுவிக்கொண்டிருக்கும்.

தோழர்களே, உங்கள் தெருவில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால் 1098க்குப் பேசுங்கள். மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டு நிறுத்துங்கள். வளர்க்க மனமுள்ள குடும்பம் உங்கள் கிளையில் இருந்தால் முறைப்படி விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். அதிகாரி தாமதித்தால் விடாமல் கேளுங்கள். அது பிச்சையல்ல, பிள்ளையின் உரிமை!

அந்தப் பிள்ளை நாளை தங்கம் வெல்லுமா? வெல்லாமலும் போகலாம். பதக்கம் வாங்கினால்தான் பிள்ளைக்குச் சோறு என்று யாரும் விதிக்கவில்லை. பிறந்தது போதும், வாழ வேண்டும்.